நூற்று நான்காவது இரவு: பிரிட்டனில் பிள்ளைப் பராமரிப்புத் தொகை எப்படிக் கணக்காகிறது?

லண்டனில் எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது. புத்தாண்டுக்குத் தமிழ்க் கடைகளில் சும்மா கொடுப்பார்களே, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் போட்டு, அந்த மாதிரி. அதில் சில தேதிகளைச் சுற்றிப் பச்சைப் பேனாவால் வட்டம். பிள்ளைகள் இரண்டு பேரும் அவரிடம் தங்கிய இரவுகள் அவை. டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து எண்ணினார். 103 வந்தது. இன்னும் ஒரு வட்டம் கூடியிருந்தால், பிள்ளைகளின் அம்மாவுக்கு அவர் கொடுக்க வேண்டிய பணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 பவுண்டு குறைந்திருக்கும். அந்த அம்மாவின் கைப்பேசியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதில் 98 இரவுதான். மீதி ஐந்து இரவும் அப்பா நைட் ஷிப்ட் போக வேண்டியிருந்ததால் பிள்ளைகளைத் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்ட இரவுகள்.

பிள்ளை எங்கே தூங்கியது என்பதற்கு ஒரு விலை எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பிரிட்டனில் பிரிந்து வாழும் பெற்றோர் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஏன் இவ்வளவு புலம்புகிறார்கள் என்பது பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

முதலில் சொல்லைச் சரி பண்ணிக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஜீவனாம்சம் என்பார்கள், இலங்கையில் தாபரிப்பு என்பார்கள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் நமக்கு நினைவு வருவது கோர்ட்டும் வக்கீலும்தான். பிரிட்டனில் பிள்ளைக்கான பணத்துக்குப் பெரும்பாலானோர் கோர்ட் பக்கம் போவதே இல்லை. 'சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ்' என்ற அரசுச் சேவை ஒன்று இருக்கிறது. சனங்கள் வாயில் அது சி.எம்.எஸ். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறை இதை நடத்துகிறது. வட அயர்லாந்தில் தனி அலுவலகம், ஆனால் ஏறக்குறைய இதே விதிகள்.

இது பிள்ளைக்கு மட்டும். மனைவிக்கோ கணவனுக்கோ தனியாகப் பணம் வேண்டுமென்றால் அது கோர்ட் விஷயம். கல்யாணம் நடந்ததா, யார் யாரை விட்டுப் போனார்கள், யார் மேல் தப்பு என்பதெல்லாம் சி.எம்.எஸ்ஸுக்குத் தேவையில்லை. பிள்ளைக்கு 16 வயதாகும் வரை தொகை உண்டு. அதன் பிறகும் ஏ-லெவல் (நம்ம ஊர் பிளஸ் டூ போன்றது) மாதிரியான படிப்பில் முழு நேரம் இருந்தால் 20 வயது வரை நீளும். பல்கலைக்கழகம் போய்விட்டால் கிடையாது. இதைக் கேட்டு அதிர்ந்துபோன அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். நம் வீடுகளில் செலவு ஆரம்பிப்பதே அங்கேதானே.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் பலர் பயப்படும் விஷயம் என்பதால். விசாவில் 'பொது நிதி பெற உரிமை இல்லை' என்று போட்டிருந்தால் இதற்கு விண்ணப்பிக்கக் கூடாதோ என்று தயங்குபவர்கள் உண்டு. குடிவரவு விதிகளில் பொது நிதி என்று பட்டியலிட்டிருப்பவற்றில் பிள்ளைப் பராமரிப்புத் தொகை இல்லை. அது அரசு தரும் உதவிப் பணமும் இல்லை, பிள்ளையின் மற்றப் பெற்றோரின் பணம். அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் வழக்கமாக வாழும் நாடு பிரிட்டனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்ட வேண்டியவர் சென்னைக்கோ டொரொன்டோவுக்கோ குடிபெயர்ந்துவிட்டால் பொதுவாக சி.எம்.எஸ்ஸின் கை அங்கே எட்டாது. அப்போது கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் பிரிட்டிஷ் அரசிடமோ, பிரிட்டனைத் தளமாகக் கொண்ட கம்பெனியிடமோ சம்பளம் வாங்குகிறவர்கள் இதற்கு விலக்கு.

நீதிபதியை எடுத்துவிட்டு வாய்ப்பாட்டை வைத்த கதை

1993 வரைக்கும் பிரிட்டனிலும் இது கோர்ட் வேலையாகத்தான் இருந்தது. ஒரே சம்பளம், ஒரே எண்ணிக்கைப் பிள்ளைகள் இருந்தாலும் ஓர் ஊரில் ஒரு தொகை, பக்கத்து ஊரில் வேறு தொகை. பல அப்பாக்கள் எதுவுமே கொடுக்கவில்லை. தனித்து நின்ற அம்மாக்கள் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தார்கள். அப்பா கொடுக்க வேண்டிய பணத்தை வரி கட்டுபவன் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியைத் தாட்சர் அரசு எழுப்பியது. 1991-இல் சட்டம் வந்தது. 1993 ஏப்ரலில் 'சைல்ட் சப்போர்ட் ஏஜென்சி', சுருக்கமாக சி.எஸ்.ஏ, என்ற முதல் அலுவலகம் திறந்தது.

யோசனை நல்ல யோசனைதான். ஆளுக்கு ஆள் மாறாத ஒரு வாய்ப்பாடு; எண்களைப் போட்டால் தொகை விழும்; யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். நடந்தது வேறு. முதல் வாய்ப்பாடு அவ்வளவு சிக்கல், ஒரு குடும்பத்தின் தொகையைச் சொல்ல நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்கள் வேண்டியிருந்தன. விவாகரத்தின்போது வீட்டையே மனைவிக்கு எழுதிக் கொடுத்து, 'இனி மாதாமாதம் எதுவும் வேண்டாம்' என்று கோர்ட்டில் தீர்த்துக்கொண்ட அப்பாக்களுக்கும் பில் போனது. அலுவலகம் அந்தப் பழைய ஏற்பாட்டைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அம்மாக்கள் பக்கத்தில் அதைவிட மோசம். உதவித்தொகையில் இருந்த அம்மாவுக்கு அப்பா ஒரு பவுண்டு கட்டினால், உதவித்தொகையில் அதே ஒரு பவுண்டு குறைந்தது. பணம் கஜானாவுக்குப் போனது, பிள்ளையின் தட்டில் எதுவும் கூடவில்லை. அப்பாவுக்கும் ஆத்திரம், அம்மாவுக்கும் லாபமில்லை. 2010 ஏப்ரலில்தான் இந்தக் கழிவு முழுதாக நின்றது. இன்று யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குபவருக்குப் பராமரிப்புப் பணம் வந்தாலும் அந்த உதவி குறையாது.

2003-இல் வாய்ப்பாட்டை எளிதாக்கினார்கள். கூடவே வந்த கம்ப்யூட்டர் ஏற்பாடு படுத்துவிட்டது. 2006-இல் அரசு கேட்டு டேவிட் ஹென்ஷா என்பவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு சி.எஸ்.ஏ-வை மூடுவது என்று முடிவானது. 2012 டிசம்பரில் சி.எம்.எஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கியது. பழைய அலுவலகம் வசூலிக்காமல் விட்டுச் சென்ற பாக்கி ஒரு கட்டத்தில் 300 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. இனி வராது என்று சொல்லி அதில் ஒரு பெரும் பங்கைப் பின்னர் கணக்கிலிருந்தே எடுத்தார்கள். பிள்ளை வளர்ந்து, கல்யாணமும் முடிந்த பிறகு, 'உங்கள் பாக்கியை வசூலிக்கும் வாய்ப்பு குறைவு' என்று அம்மாவுக்குக் கடிதம் வந்தால் எப்படி இருக்கும்? பெயரை மாற்றியும் அந்த அவநம்பிக்கை போகாததற்கு இதுதான் காரணம்.

சரி, கணக்கு

இப்போதைய வாய்ப்பாடு நிஜமாகவே எளிது. ஒரு காகிதத்தில் போட்டுவிடலாம்.

கட்ட வேண்டியவரின் வார வருமானத்தை எடுக்கிறார்கள், வரி பிடிப்பதற்கு முன் உள்ள தொகை. எண் வருவது அவரிடமிருந்தோ முன்னாள் மனைவியிடமிருந்தோ அல்ல, வருமான வரித் துறையிடமிருந்து. ஓய்வூதியத்துக்குக் கட்டும் பணத்தைக் கழித்துவிடுவார்கள். வாரம் 200 முதல் 800 பவுண்டு வரை என்றால் ஒரு பிள்ளைக்கு 12 சதவீதம், இரண்டு பிள்ளைகளுக்கு 16, மூன்று அல்லது அதற்கு மேல் 19. 800-க்கு மேல் 3,000 வரையுள்ள பகுதிக்கு மட்டும் 9, 12, 15 சதவீதம். மிகக் குறைந்த வருமானமோ அரசு உதவித்தொகையோ மட்டும் உள்ளவர்களுக்கு வாரம் 7 பவுண்டு என்ற நிலையான தொகை. 100-க்கும் 200-க்கும் நடுவில் உள்ளவர்களுக்கு இடைப்பட்ட ஒரு கணக்கு. வாரம் 3,000-க்கு மேல் சம்பாதிக்கிறவர் என்றால் மேலே வேண்டியதைக் கோர்ட்டில் கேட்கலாம்.

குமரன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வாரம் 600 பவுண்டு, அதாவது ஆண்டுக்கு 31,200. சுதாவுடன் இரண்டு பிள்ளைகள். 600-இல் 16 சதவீதம் 96. வாரம் 96 பவுண்டு கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் குமரனிடமும் தங்குகிறார்கள் அல்லவா? அங்கே இரவுக் கணக்கு வருகிறது. ஆண்டுக்கு 52 முதல் 103 இரவு வரை என்றால் ஏழில் ஒரு பங்கு தள்ளுபடி. 104 முதல் 155 வரை ஏழில் இரண்டு. 156 முதல் 174 வரை ஏழில் மூன்று. 175-உம் அதற்கு மேலும் என்றால் பாதி, அதோடு பிள்ளைக்கு 7 பவுண்டு வீதம் இன்னும் கழிவு. ஆகவே 103 இரவு என்றால் குமரன் கட்டுவது வாரம் 82 பவுண்டு 29 பென்ஸ். 104 என்றால் 68 பவுண்டு 57 பென்ஸ். வித்தியாசம் வாரத்துக்கு 13 பவுண்டு 72 பென்ஸ். அதை 52-ஆல் பெருக்குங்கள், 713 பவுண்டு. ஃப்ரிட்ஜ் கதவில் வராமல் போன அந்த வட்டத்தின் விலை அதுதான்.

இனி அந்த ஐந்து இரவுகளுக்கு வருவோம். விதி என்ன சொல்கிறது என்றால், பிள்ளை தூங்கிய வீட்டிலேயே அப்பாவும் அன்றிரவு இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நைட் ஷிப்டில் நிற்கிறவருடைய பிள்ளை பாட்டி வீட்டில் தூங்கினால் அது அவர் கணக்கில் சேராது. அதனால் கைப்பேசியில் இருந்த 98 சரிதான். பகல் நேரத்துக்கும் இந்தக் கழிவில் இடமில்லை. தினமும் மாலை பள்ளிக்கூட வாசலில் நின்று, பிள்ளையைக் கூட்டிவந்து, சோறு போட்டு, வீட்டுப்பாடம் செய்ய வைத்து, எட்டு மணிக்கு அம்மாவிடம் கொண்டுபோய் விடும் அப்பாவுக்குக் கிடைக்கும் கழிவு பூஜ்யம். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் கூட்டிப்போய்ச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இறக்கிவிடுபவருக்கு ஏழில் ஒரு பங்கு.

ஏன் இப்படி என்று கேட்டால், இரவை எண்ணலாம், அக்கறையை எண்ண முடியாது. வாய்ப்பாட்டுக்கு எண்ணக்கூடிய பொருள் வேண்டும். அலுவலகத்தில் இருப்பவருக்கு முன்னால் மூன்று எண்கள்தான் இருக்கின்றன: வருமானம், பிள்ளைகள், இரவுகள். அந்த மூன்றில் அடங்காத எதையும் பார்க்க மாட்டேன் என்று சம்மதித்ததால்தான் இந்த ஏற்பாட்டுக்கு வேகம் கிடைத்தது. நான் கேட்ட புகார்களில் பெரும்பாலானவை அது பார்க்க மாட்டேன் என்ற இடங்களிலிருந்தே வருகின்றன.

இரவுக் கணக்கு உண்டாக்கும் இன்னொரு தொல்லை: பணமும் பிள்ளையைப் பார்ப்பதும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. பிள்ளையைக் காட்டவில்லை என்று அப்பா பணத்தை நிறுத்தக் கூடாது. பணம் வரவில்லை என்று அம்மா பிள்ளையைத் தடுக்கவும் கூடாது. பார்க்கும் உரிமையைக் குடும்பக் கோர்ட் தீர்மானிக்கும், சி.எம்.எஸ் அதில் தலையிடாது. ஆனால் அப்பா இன்னொரு நாள் பிள்ளையை வைத்திருக்கக் கேட்டால், பாசத்தில் கேட்கிறாரா 104-க்காகக் கேட்கிறாரா என்று அம்மா யோசிக்கிறார். அம்மா மறுத்தால், பிள்ளையின் தூக்கத்துக்காக மறுக்கிறாரா 713-க்காக மறுக்கிறாரா என்று அப்பா யோசிக்கிறார். முன்பு இவர்களுக்கு இடையில் இல்லாத ஒரு சந்தேகத்தை விதியே கொண்டுவந்து வைக்கிறது. கோர்ட் உத்தரவோ எழுத்து ஒப்பந்தமோ இருந்தால் அதில் உள்ள இரவுகளை எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நடந்த வழக்கத்தைக் கேட்பார்கள். அப்போதுதான் அந்தக் காலண்டருக்கு வேலை.

பிள்ளைகள் இரு வீட்டிலும் சரிபாதி இருந்தால்? பகல் நேரப் பராமரிப்பும் உட்பட எல்லாமே சமம் என்று நிரூபித்தால் யாரும் யாருக்கும் கட்ட வேண்டாம். நிரூபிப்பது லேசில்லை. இரவுகள் பாதிப் பாதி என்பது போதாது. டாக்டரிடம் யார் கூட்டிப்போனார்கள், பள்ளியிலிருந்து அழைத்தால் யார் போனார்கள் என்றெல்லாம் போகும். பிள்ளைக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் பணம் யார் பெயரில் வருகிறதோ அவரே முதன்மைப் பராமரிப்பாளர் என்ற அனுமானத்தில்தான் பேச்சே தொடங்கும்.

சம்பளம் எங்கே ஒளிகிறது

அப்பாக்களின் முதல் புகார் இரவு என்றால் அம்மாக்களின் முதல் புகார் வருமானம். வருமான வரித் துறை தருவது பெரும்பாலும் முடிந்துபோன வரியாண்டின் எண். இன்றைய சம்பளம் அதிலிருந்து 25 சதவீதமாவது மாறினால்தான் இடையில் கணக்கைத் திருத்துவார்கள். குமரனின் வருமானம் 600-இலிருந்து 460-க்கு விழுந்தாலும் அது 23 சதவீதம்தான், பழைய தொகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 450-க்கு விழுந்தால் திருத்தலாம். அதே போல 740-க்கு உயர்ந்தாலும் சுதாவுக்கு ஒரு பென்ஸ் கூடாது, ஆண்டு மறுபரிசீலனை வரும்வரை. இந்த விதியை இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை சொந்தக் கம்பெனி. ஒருவர் தன் பெயரில் லிமிடெட் கம்பெனி வைத்து, தனக்குச் சின்னச் சம்பளம் போட்டுக்கொண்டு, மீதியை டிவிடெண்டாக, அதாவது லாபப் பங்காக, எடுப்பது வரிச் சட்டப்படி சரியே. ஆனால் சி.எம்.எஸ்ஸின் முதல் கணக்கில் டிவிடெண்ட் வராது. அம்மா 'வேரியேஷன்' என்ற தனி விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு 2,500 பவுண்டுக்கு மேல் இப்படிப்பட்ட வருமானம் இருந்தால் சேர்ப்பார்கள். அவர் கேட்காவிட்டால் யாரும் தேடிப் பார்க்கப் போவதில்லை. வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் இதே கதைதான். நல்ல காலம், கம்பெனிகளின் கணக்கு விவரங்களை கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கையில் காசாக வாங்கி வரித் துறைக்கே சொல்லாத சம்பளம் என்றால் கதை வேறு. அதற்கென்று நிதிப் புலனாய்வுப் பிரிவு ஒன்று சி.எம்.எஸ்ஸுக்குள் உண்டு, ஆனால் அங்கே கொண்டுபோக ஆதாரம் வேண்டும்.

கட்டுபவர் பக்கத்திலும் ஒளிந்திருப்பவை உண்டு. வாடகை கணக்கில் இல்லை. லண்டனில் ஓர் அறைக்கு என்ன வாடகை, வடக்கே ஒரு சிற்றூரில் என்ன வாடகை என்ற வித்தியாசம் வாய்ப்பாட்டுக்குத் தெரியாது. 12 சதவீதம் எல்லா ஊரிலும் 12 சதவீதம்தான். அம்மா எவ்வளவு சம்பாதிக்கிறார், அவருடைய புதிய கணவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதும் கணக்கில் இல்லை. 'அவளுக்கு என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம், நான் ஏன் கட்ட வேண்டும்' என்ற கேள்விக்கு சி.எம்.எஸ்ஸின் பதில், உன் பிள்ளை உன் வருமானத்தில் பங்குள்ள பிள்ளை என்பதுதான். எனக்கு அந்தப் பதிலில் குறை தெரியவில்லை. வாடகை விஷயத்தில்தான் இந்த விதியை ஆதரிக்க மனம் வரவில்லை.

குமரன் மறுமணம் செய்து, அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால், கணக்குப் போடும் முன்னரே அவர் வருமானத்தில் 11 சதவீதத்தைக் குறைத்துவிடுவார்கள். 600 என்பது 534 ஆகும், 96 என்பது 85 பவுண்டு 44 பென்ஸ் ஆகும். அந்தப் பிள்ளை புதிய மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளையாக இருந்தாலும் இதே கழிவுதான். சுதா என்ன சொல்வார் என்று எழுதத் தேவையில்லை.

தொகை விழுந்தது, பணம் வரவில்லை

கணக்குப் போடுவது பாதி வேலை. மீதிப் பாதியில்தான் அதிகம் பேர் களைத்துப் போகிறார்கள்.

பணம் கைமாற இரண்டு வழிகள். 'டைரக்ட் பே' என்றால் சி.எம்.எஸ் தொகையை மட்டும் சொல்லும், குமரன் சுதாவின் வங்கிக் கணக்கில் நேரே போட வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் போட்டாரா இல்லையா என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வராவிட்டால் சுதாதான் சொல்ல வேண்டும். முழுதாக நிறுத்துபவரை எளிதில் பிடிக்கலாம். இரண்டு வாரம் போட்டு ஒரு வாரம் விடுவார், 82-க்குப் பதில் 60 போடுவார், பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் மறந்துவிடுவார், இப்படிப்பட்டவரோடு போராடுவதுதான் கஷ்டம். பிரிவதற்கு முன் பணத்தை வைத்தே ஆட்டிப் படைத்த ஆள் என்றால், பிரிந்த பிறகும் மாதாமாதம் அந்த ஆட்டம் தொடர டைரக்ட் பே ஒரு வசதி செய்து கொடுக்கிறது. இதைத் தடுக்க 2023-இல் ஒரு தனிச் சட்டமே நிறைவேற்றினார்கள்.

இரண்டாவது வழி 'கலெக்ட் அண்ட் பே'. சி.எம்.எஸ்ஸே வசூலித்துக் கொடுக்கும். கட்டுபவருக்குத் தொகையின் மேல் 20 சதவீதம் கூடுதல், வாங்குபவருக்குத் தொகையிலிருந்து 4 சதவீதம் பிடித்தம். குமரனின் 82.29 இப்போது 98.75 ஆகிறது. சுதாவின் கைக்கு வருவது 79 பவுண்டு. நடுவில் வாரம் 19 பவுண்டு 75 பென்ஸ், ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல், அரசுக்குப் போகிறது. தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளத் தூண்டத்தான் இந்தக் கட்டணம் என்பது அரசின் வாதம். ஒழுங்காகக் கொடுக்காதவரிடம் 20 சதவீதம் வாங்குவது புரிகிறது. ஒழுங்காக வராததால் இங்கே வந்து நின்றவரிடம் ஏன் 4 சதவீதம் என்பதற்கு நான் இதுவரை நல்ல பதில் கேட்டதில்லை. விண்ணப்பக் கட்டணமாக இருந்த 20 பவுண்டை மட்டும் 2024 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள்.

கட்டாதவரிடம் எப்படி வாங்குவார்கள்? சம்பளக்காரர் என்றால் முதல் ஆயுதம் சம்பளப் பிடித்த உத்தரவு. முதலாளிக்கே நேரே கடிதம் போகும். வரி போன்ற பிடித்தங்கள் போக மீதியில் 40 சதவீதம் வரை எடுக்கலாம், 60 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் முதலாளி தன் சிரமத்துக்கு ஒரு பவுண்டு கூடப் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஒரு பவுண்டைவிட, கணக்குப் பிரிவில் உள்ளவருக்குத் தன் வீட்டுக் கதை தெரிந்துவிட்டதே என்பதுதான் பலருக்கு வலிக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட் மூலம் பொறுப்பு உத்தரவு (இந்தப் பாக்கி இவர் கட்ட வேண்டியது என்று கோர்ட் உறுதி செய்வது), ஜப்தி, வீட்டின் மேல் கடன் பதிவு, டிரைவிங் லைசென்ஸோ பாஸ்போர்ட்டோ இரண்டு ஆண்டு வரை முடக்கம், கடைசியாக ஆறு வாரம் வரை சிறை.

பட்டியலைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். நடப்பில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக மாதங்கள் ஆகும். அதற்குள் பாக்கி ஏறிக்கொண்டே போகும். சி.எம்.எஸ்ஸின் வசூலாகாத பாக்கி 2031 மார்ச்சுக்குள் 100 கோடி பவுண்டைத் தொடலாம் என்று 2022-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் எச்சரித்தது. பழைய அலுவலகத்தின் கதை நினைவுக்கு வருகிறதா?

டைரக்ட் பே வழியையே எடுத்துவிட்டு எல்லாப் பணமும் சி.எம்.எஸ் வழியாகவே போகும்படி செய்யப்போவதாக 2025 ஜூனில் அரசு அறிவித்தது. ஒழுங்காகக் கட்டுபவருக்கும் வாங்குபவருக்கும் கட்டணம் 2 சதவீதம், கட்டாதவருக்கு மட்டும் பழைய 20. அதற்குச் சட்டம் மாற வேண்டும், மாறும் வரை மேலே சொன்ன விதிகள்தான். கணக்குப் போடும் வாய்ப்பாட்டை இந்த அறிவிப்பு தொடவில்லை. அதாவது 104-ஆவது இரவு அப்படியே இருக்கிறது.

கடிதம் வந்தால்

வாங்க வேண்டியவர் தள்ளிப் போடக் கூடாது. பிரிந்த நாளிலிருந்து தொகை ஓடாது. விண்ணப்பம் போய், மற்றவருக்குத் தகவல் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடும். 'பேசிப் பார்ப்போம்' என்று ஆறு மாதம் காத்திருந்தால் அந்த ஆறு மாதம் போனது போனதுதான். கட்ட வேண்டியவருக்கு இதன் மறுபக்கம்: தொகையைச் சொல்லும் கடிதம் கையில் கிடைக்கும்போதே சில வாரப் பாக்கி ஏறியிருக்கும். முதல் தகவல் வந்த அன்றே கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வையுங்கள். கையில் காசாகக் கொடுக்காதீர்கள். வங்கி மூலம், குறிப்பில் பிள்ளையின் பெயரைப் போட்டு அனுப்புங்கள். ஷூ வாங்கிக் கொடுத்தேன், டியூஷன் ஃபீஸ் கட்டினேன் என்பதெல்லாம் நல்ல காரியம், ஆனால் அதை வைத்துத் தொகையைக் குறைக்க மாட்டார்கள். இருக்கும் இடம் தெரிந்துவிடுமோ என்று பயப்படும் அம்மா, எந்த ஊர்க் கிளை என்று காட்டாத வங்கிக் கணக்கு வேண்டும் என்று கேட்கலாம். போனில் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம், தமிழுக்கும் கிடைப்பார்கள்.

கடிதத்தில் எல்லோரும் முதலில் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அது எப்படி வந்தது என்று எழுதியிருக்கும் பகுதியைப் பாருங்கள்: எந்த வரியாண்டின் வருமானம், எத்தனை பிள்ளைகள், எத்தனை இரவு. மூன்றில் ஒன்று தவறாக இருந்தால், கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் அந்தப் பதில் வந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே அரசு அலுவலகம் சாராத ஒரு நீதிபதி இருப்பார். காலண்டரைக் கையோடு கொண்டுபோங்கள், நைட் ஷிப்ட் போன நாள்களின் வட்டத்தை முதலில் நீங்களே அடித்துவிட்டு.